பட்டியலின் முதல் எண்

உட்காருங்கள் தம்பி, உட்காருங்கள். இந்தப் பை மட்டும் என் மடியிலேயே இருக்கட்டும். மேலே வைக்கலாம்தான். வைத்தால் யாராவது அதன்மேல் பலாப்பழத்தை வைப்பார்கள். உள்ளே என் நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

முன் இருக்கை அம்மாளைக் கேட்டீர்களா? காதில் மாட்டிக்கொள்ளும் கருவி இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனாலும் அவர் பார்க்கும் தொடரைப் பேருந்து முழுவதும் கேட்டாக வேண்டும். மருமகள் அழுகிறாள், பிறகு மாமியார் அழுகிறாள். யார் அழுதாலும் அதே புல்லாங்குழல். திருநெல்வேலி போய்ச் சேரும்வரை இதுதான்.

உங்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறதே, கணினித் துறையா? நினைத்தேன். அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். ஓரளவுக்கு. இப்போது இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு அடிப்படை தெரிவதில்லை. உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

மணி என்ன? மூன்று இருபது. நல்லது. நான்கு மணிக்கு என் கைபேசிக்கு ஓர் அழைப்பு வர வேண்டும். வராது. ஏன் வராது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் சிற்சபேசன். தூத்துக்குடியில் விசைப்படகு வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே கணினிப் பிரிவின் மேற்பார்வையாளராகப் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். பிரிவு என்றால் இரண்டு பேர். நானும், எனக்குக் கீழே ரெக்சலின் என்ற பெண்ணும். அவர் அண்ணன் டிக்சன் படகோட்டி. சங்கத்தில் வேலை அப்படித்தான் கிடைக்கும். நான் தேர்வு எழுதிப் போனவன்.

எங்கள் வேலை எளிது என்று சொல்வார்கள், செய்யாதவர்கள். கடலில் நாளை காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், போகலாமா கூடாதா என்று அறிவிப்பு வரும். அதை ஒலிச்செய்தியாக்கி, தினமும் மாலை நான்கு மணிக்குப் படகோட்டிகளின் கைபேசிக்கு அனுப்ப வேண்டும். ஆயிரத்து நூற்று நாற்பது எண்கள். பதினோரு ஆண்டுக்கு முன் அந்தப் பட்டியலைத் தட்டியவன் நான். சரியாகப் போகிறதா என்று சோதிக்க, முதல் எண்ணாக என்னுடையதைப் போட்டேன். இன்றுவரை முதல் எண் அதுதான். எனக்குப் படகு கிடையாது. பாளையங்கோட்டையில் வீடு. ஆனால் தினமும் நான்கு மணிக்கு, நாளை நான் கடலுக்குப் போகலாமா என்று எனக்குச் சொல்லப்படும்.

ஆரம்பத்தில் செய்தியை என் குரலில்தான் பதிவு செய்தேன். "வணக்கம், மீனவ நண்பர்களே. மன்னார் வளைகுடாப் பகுதியில் காற்றின் விரைவு மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டராக இருக்கக்கூடும்." இதில் என்ன குறை? சொல்லுங்கள். "வாத்தியார் பேசுதாரு, போன வையி" என்று பாதியில் வைத்துவிடுகிறார்களாம். உடனே ரெக்சலினைப் பேசச் சொன்னார்கள். அவர் பேசினால், "அண்ணே, நாளைக்கு வாடைக்காத்து ஓங்கி அடிக்கும், வலையக் கரையிலயே காயப்போடுங்க" என்கிறார். இது வானிலை அறிக்கையா, சந்தைக் கூச்சலா? ஆனால் கடைசிவரை கேட்கிறார்களாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் பதினைந்து முதல் ஜூன் பதினான்கு வரை விசைப்படகு கடலில் இறங்கக்கூடாது, அறுபத்தோரு நாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதா? மீன் மட்டும் சாப்பிடுவீர்கள்.

அந்த அறுபத்தோரு நாளுக்குள் எங்கள் பழைய சர்வரைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் மேகத்துக்கு, அதாவது இணையத்தில் எங்கோ இருக்கும் வாடகைச் சர்வருக்கு, ஏற்றிவிட வேண்டும் என்று செயலாளர் முடிவு செய்தார். ஹெர்மஸ் பர்னாந்து. நல்ல மனிதர், மூன்று படகு வைத்திருக்கிறார், கணினி என்றால் அவருக்குச் சீட்டாட்டம். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம். மேகத்தில் சர்வர் வைத்து, பட்டியலையும் ஏற்றித் தருவது அவர்கள் பொறுப்பு. அதை இங்கிருந்து இயக்குவது என் பொறுப்பு. இயக்குவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். பொத்தான், படம் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். அது எனக்குப் பிடித்த முறைதான். ஆனால் கருவியின் பெயர் குமுலோ. பலகாரக் கடையில் கால் கிலோ கேட்டு வாங்கலாம் போல ஒரு பெயர்.

ஜூன் ஒன்பதாம் தேதி நிறுவினேன். "வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்று வந்தது. கறுப்புத் திரைக்குப் போய் குமுலோ என்று தட்டினேன். "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று வந்தது.

ஒரே இயந்திரம். ஒரு மூலையில் ஆள் வந்துவிட்டார் என்கிறது, இன்னொரு மூலையில் அப்படி யாரும் இல்லை என்கிறது. இதை நான் தாலுகா அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன், கணினியில் பார்த்ததில்லை.

எடுத்துவிட்டு மறுபடி நிறுவினேன். இல்லை. மூன்றாம் முறை. இல்லை. நச்சுநிரல் காவலனை நிறுத்திப் பார்த்தேன். இணையக் கம்பியைப் பிடுங்கித் துடைத்து மாட்டினேன். பிறகு கையேட்டை அச்சடித்தேன், இருநூற்றுப் பதினான்கு பக்கம், சுருள் கம்பி போட்டு. முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இப்போது யார் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள்? ஒன்பதாம் பக்கத்தில், "நிறுவியபின் கட்டளைத் திரையை மூடி, புதிதாகத் திறக்கவும்" என்று ஒரு வரி இருந்தது. சிவப்பு மையால் அடித்தேன். இந்த மாதிரி வரிகள் சோம்பேறிகளுக்காக எழுதப்படுபவை. எதற்கெடுத்தாலும் அணை, திற, அணை, திற. மருத்துவரிடம் போனால் செத்துப் பிழைத்து வா என்றா சொல்கிறார்?

என்ன? பொறுங்கள். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும். முதலில் முழுவதும் கேளுங்கள்.

என் கறுப்புத் திரையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. போன ஜூலை மூன்றாம் தேதி திறந்தது. பதினோரு மாதம் மூடவில்லை. கணினியையும் அணைக்கவில்லை, மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும்படி செய்திருந்தேன். அந்தத் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனால், நான் தட்டிய ஒவ்வொரு கட்டளையும், அதற்கு வந்த ஒவ்வொரு பதிலும் அப்படியே இருக்கும். வரலாறு தம்பி. ஒவ்வொரு கட்டளையையும் முதலில் இந்த நோட்டில் எழுதுவேன், பிறகு தட்டுவேன், பிறகு பதிலை இதில் எழுதுவேன். நீல மை கட்டளைக்கு, சிவப்பு மை பதிலுக்கு. இயந்திரத்தை அணைத்துத் திறப்பவன் தன் தோல்வியை ஒப்புக்கொள்கிறான் என்பது என் கருத்து. இதோ இந்தக் கைபேசி, மூன்று ஆண்டாகிறது. வாங்கிய நாள் முதல் அணைத்ததில்லை.

நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். நவநீதன் என்று ஒருவர் எடுத்தார்.

"ஏனுங்க சார், அந்தத் திரைய மூடிட்டு மறுக்காத் திறந்து பார்த்தீங்களா?"

"ஐயா, எனக்குப் பதினோரு ஆண்டு அனுபவம்."

"அதுக்கில்லீங்க சார், ஒருக்கா மூடிட்டு..."

வைத்துவிட்டேன். ஏழு பத்தியில் ஒரு கடிதம் அனுப்பினேன், எண்ணிட்டு. மூன்று மணி நேரம் எழுதிய கடிதம். பதில் ஒரு வரியில் வந்தது. என்ன வரி என்று நீங்களே ஊகிக்கலாம்.

பதினோராம் தேதி காலை ரெக்சலின் என் மேசைக்கு வந்தார்.

"சார், என் லேப்டாப்ல குமுலோ வந்துட்டு."

"எப்படி?"

"இன்ஸ்டால் பண்ணேன், திரைய மூடுனேன், தெறந்தேன்."

"ஏன் மூடினீர்கள்?"

"மூடுனாத்தான தெறக்க முடியும், சார்."

இந்த மாதிரிப் பதில்களுக்குச் சம்பளம் தனியாகக் கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை. அதோடு விட்டாரா? எனக்கு விளக்கம் வேறு.

"அந்தத் திரை தெறக்கும்போதுதான் சார், எந்தக் கருவி எங்க இருக்குன்னு வெலாசத்த வாசிச்சி வச்சிக்கும். ஒங்க திரை வாசிச்சது போன ஜூலைல. குமுலோ முந்தாநாதான் குடி வந்திருக்கு. அதுக்கு எப்படித் தெரியும்? நீங்க எத்தன வாட்டி இன்ஸ்டால் பண்ணாலும் அது பழைய வெலாசத்தத்தான் வச்சிக்கிட்டு இருக்கும்."

அழகான கதை. கணினிக்குள் குடிவருகிறார்களாம், விலாசம் மாற்றுகிறார்களாம். "என் திரையை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, நான்காம் முறை நிறுவினேன். மணி ஒன்று. சாப்பிடப் போனேன். கை கழுவி, சாப்பிட்டு, திரும்ப வந்தபோது மணி ஒன்று ஐம்பது.

திரை வெறுமையாக இருந்தது. மேலே தள்ளினால் ஒன்றும் இல்லை. பதினோரு மாதம் இல்லை. நடுவில் குமுலோ என்று ஒரு சொல், அதன்கீழ் குமுலோ பணிவாகப் பதில் சொல்லியிருந்தது.

"சார், வேல செய்யிது" என்கிறார். சிரித்துக்கொண்டு. "தடைக்காலம் முடிய மூணு நாதான் இருக்கு, அதான் நானே..."

நோட்டில்தான் எல்லாம் இருக்கிறதே என்கிறீர்களா? அது நகல். நகல் வேறு, மூலம் வேறு. உங்களுக்கு அந்த வேறுபாடு தெரியாதது எனக்கு வியப்பாக இல்லை.

நான்கு பக்கத்தில் புகார் எழுதினேன். "அலுவலக ஆவணங்களை அழித்தமை" என்று தலைப்பு. ஹெர்மஸ் அதை முழுக்கப் படிக்கவில்லை, கையில் வைத்து விசிறிக்கொண்டார்.

"சார்வாள், ஒமக்கு இப்பக் கருவி வேல செய்யிதா?"

"செய்கிறது."

"பொறவு என்ன வே?"

"பிறகு ஒழுங்கு இருக்கிறது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் இயந்திரத்தைத் தொட்டால் நாளை அலுவலகம் என்ன ஆகும்? அவர் இருந்தால் நான் இல்லை."

மூன்று நாளில் படகுகள் இறங்க வேண்டும், நான் போய்விட்டால் யார் பார்ப்பது என்று அவருக்குப் பயம். ரெக்சலினை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வாரேன் சார்" என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார். குற்ற உணர்வு இருப்பவர்கள் அப்படித்தான் பணிவாகப் போவார்கள்.

ஒன்று சொல்கிறேன், கருவி வேலை செய்ததற்குக் காரணம் என் நான்காவது நிறுவல். கொஞ்சம் தாமதமாகப் பலித்தது, மருந்து போல. இதைப் பிறகு என்மேல் நடந்த விசாரணையிலும் சொன்னேன்.

டோல்கேட் தாண்டிவிட்டதா? மணி மூன்று முப்பத்தைந்து. நேரம் இருக்கிறது.

அடுத்து குமுலோ ஒரு கேள்வி கேட்டது: உங்கள் சர்வர் எந்த ஊரில்? கீழே ஒரு பட்டியல். முதலில் ஆம்ஸ்டர்டாம். ஒரு பட்டியலில் ஒன்றை முதலில் வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் வைப்பார்களா? அதைத் தேர்ந்தெடுத்தேன். இருக்கும் சர்வர்களைக் காட்டு என்றேன். "ஒன்றும் இல்லை" என்றது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர்கள் சர்வரையே வைக்கவில்லை. வைத்துவிட்டோம் என்று கடிதம் மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் இரண்டாவது வரியில் மும்பை என்று எழுதியிருந்தது என்று பிறகு காட்டினார்கள். இருக்கலாம். "ஹாய் சார்" என்று தொடங்கும் கடிதத்தை நான் இரண்டாம் வரிவரை படிப்பதில்லை.

யாரையும் கெஞ்சவில்லை. கையேட்டைப் பார்த்து நானே ஒரு சர்வர் உண்டாக்கினேன். ஐம்பத்தேழு வயதில், தனியாக, மேகத்தில், ஆம்ஸ்டர்டாமில். இப்போது வருகிறவர்கள் செய்வார்களா? சோதனைக்கு மூன்று எண் கொடுங்கள் என்றது கையேடு. என் எண், ஹெர்மஸ் எண், என் மைத்துனர் கோமதிநாயகத்தின் எண். ஒலிச்செய்தி வேண்டுமே. என் பழைய பதிவுகளை எடுத்தேன், புதிதாகவும் பேசினேன். மிச்ச எண்கள் எங்கே என்கிறீர்களா? மேகத்தில்தான் ஏற்றியிருந்தார்களே. மேகம் ஒன்றுதானே? தானாக வந்து சேரும் என்று எடுத்துக்கொண்டேன். எந்த அறிவுள்ளவனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான்.

தலையில் கை வைக்காதீர்கள். பேருந்து குலுங்குகிறது, இடித்துக்கொள்வீர்கள்.

ஜூன் பதினான்கு. அறுபத்தோராம் நாள். துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். படகுக்குப் புதுச் சாயம், புது வலை, ஐஸ் ஏற்றுகிறார்கள், விடிந்தால் ஐந்து மணிக்கு எல்லாரும் இறங்கப்போகிறார்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்தவர்கள். அன்று பார்த்து அறிவிப்பு வருகிறது: காற்று மணிக்கு அறுபது கிலோமீட்டர்வரை, கடலுக்குப் போக வேண்டாம்.

நான்கு மணி அடித்ததும் அனுப்பினேன். ஒரு நொடி பிசகவில்லை. திரையில் பதில் வந்தது. இருங்கள், நோட்டிலேயே காட்டுகிறேன். இதோ, சிவப்பு மை. "அனுப்பியவை: மூன்று. தோல்வி: சுழியம்." சுழியத்தின்கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள்.

நீங்களும் அந்த மூன்றையே பிடித்துக்கொள்கிறீர்கள்! விசாரணையிலும் எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மூன்று தொகுதி என்று நான் எடுத்துக்கொண்டேன். தோல்வி சுழியம் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

என் கைபேசி அடித்தது, என் குரல் வந்தது. ஹெர்மஸ் தன்னுடையதும் அடித்தது என்றார், சரி எல்லாருக்கும் போய்விட்டது என்று வெற்றிலை போட்டுக்கொண்டார். கோமதிநாயகம் என்னைத் திரும்ப அழைத்தார். "சரி, கடலுக்குப் போகல. ஆனா என்னய ஏன் மீனவ நண்பரேங்கிறீரு?" அவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். தாமிரபரணியில்கூட முழங்காலுக்குமேல் இறங்காதவர்.

ஐந்தரை மணிக்கு ரெக்சலின் அழைத்தார். வீட்டில் இருக்கச் சொன்னவர்.

"சார், டிக்சனுக்குச் செய்தி வரல."

"தோல்வி சுழியம்."

"என்ன சார்?"

"திரையில் வந்திருக்கிறது. தோல்வி சுழியம்."

"சார், பக்கத்துப் படகு நாலு பேருகிட்டயும் கேட்டேன், யாருக்கும் வரல. ஐஸ் ஏத்தி முடிச்சிட்டாங்க சார். காத்து இருக்கா இல்லையா, அதையாச்சும் சொல்லுங்க."

"பிழை அவர்கள் கைபேசியில் இருக்கும். ஒருமுறை அணைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்."

ஏன் சிரிக்கிறீர்கள்? கைபேசி வேறு, கணினி வேறு. படிப்பில்லாதவர்கள் வைத்திருக்கும் கைபேசி இன்னும் வேறு.

அவர் வைத்துவிட்டார். அதன்பிறகு செய்ததைக் கேளுங்கள். அவருடைய நுழைவு உரிமையை நான் நீக்கியிருக்க வேண்டும். நீக்கும் பகுதி கையேட்டில் நூற்று எழுபதாம் பக்கத்தில் இருந்தது, நான் நூற்று முப்பதில் இருந்தேன். தன் வீட்டில் உட்கார்ந்து, தன் மடிக்கணினியில், குமுலோவைத் திறந்து, ஊர் என்ற இடத்தில் மும்பை என்று மாற்றினார். அங்கே சர்வர் இருந்ததாம். ஆயிரத்து நூற்று நாற்பது எண்களும் இருந்தனவாம். வானிலை அறிவிப்பையும் தானே தேடிப் படித்து, ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, அண்ணே நாளைக்கு யாரும் எறங்காதீங்க என்று தன் குரலில் பேசி அனுப்பிவிட்டார். அதில் ஒன்பது எண்ணுக்குப் போகவில்லை. என்னுடையதில் தோல்வி சுழியம், அவருடையதில் ஒன்பது. விசாரணையில் நான் முதலில் எடுத்துச் சொன்ன புள்ளியே இதுதான்.

அந்த ஒன்பது பேர் வீட்டுக்கும் டிக்சன் நடந்தே போய்ச் சொன்னாராம்.

பதினைந்தாம் தேதி காற்று வந்தது. ஆமாம், வந்தது. துறைமுகத்தில் கட்டிக்கிடந்த படகுகளே ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஐஸ் ஆலையின் கூரைத்தகடு பறந்து சாலையில் விழுந்தது. யாரும் கடலில் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத விஷயத்துக்கு விசாரணை எதற்கு என்று கேட்டேன்.

இரண்டாவது புகாரும் எழுதினேன், "வீட்டில் இருக்கச் சொல்லப்பட்டவர் சர்வரை இயக்கியமை". அதை வைத்துத்தான் விசாரணை என்று நினைத்துப் போனேன். உள்ளே போனால் நாற்காலி எனக்குப் போட்டிருக்கிறார்கள். எதிரே ஹெர்மஸ். சுவரோரமாக டிக்சன் நின்றுகொண்டிருக்கிறார்.

"சார்வாள், எனக்கு வந்துச்சி, ஒமக்கு வந்துச்சி, ஒம்ம மச்சானுக்கு வந்துச்சி. நம்ம மூணு பேருல படகு ஓட்டுறவன் யாரு வே?"

இது கேள்வியே இல்லை. சபையில் கைதட்டல் வாங்கும் பேச்சு.

"தூத்துக்குடிக் காத்த ஆம்ஸ்டர்டாம்ல போயி எதுக்கு வே வச்சீரு?" என்றார் அடுத்து.

"ஒல்லாந்தர்கள் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் தூத்துக்குடியை அங்கிருந்துதான் நிர்வாகம் செய்தார்கள். அப்போது உங்கள் முன்னோர் யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை" என்றேன்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வரலாறு தெரிந்தால்தானே சிரிப்பார்கள்.

டிக்சன் திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்லியிருப்பேன், பதில் தயாராக வைத்திருந்தேன். என் நோட்டைக் கையில் வாங்கி, அந்தப் பக்கத்தைப் பார்த்தார். சுழியத்தின்கீழ் இருக்கும் இரண்டு கோட்டையும் பார்த்தார். "எம் படகுல எட்டுப் பேரு சார்" என்றார். நோட்டை மூடி, தூசி தட்டி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இப்போது நான் விடுப்பில் இருக்கிறேன். நானாகக் கேட்ட விடுப்பு. அதாவது, "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடும், பொறவு பாப்போம்" என்று ஹெர்மஸ் சொன்னார், சரி கேட்கிறேன் என்று நான் கேட்டேன். இன்று மதியம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வருகிறேன். யாரிடம்? வேறு யார், அந்தப் பெண்ணிடம்தான். என் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அதுவும் ஒரு நடிப்பு.

ஒன்று மட்டும் சொன்னேன். "பட்டியலில் முதல் எண் என்னுடையது. கண்காணிப்புக்காகப் போட்டது. அதை எடுக்கக்கூடாது."

"எடுக்க மாட்டேன் சார். நீங்கதான் மொத நம்பர்." என் கைபேசியைப் பார்த்துவிட்டு, "சார், ஒங்க போன் என்னமோ மாதிரி நிக்கிது, ஒருவாட்டி..." என்று தொடங்கினார். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். போகும்போதும் பாடமா?

இதில் ஒரு செய்தி இருக்கிறது, கேளுங்கள். நேற்று நான்கு மணிக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. முந்தாநாளும் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டேன். இன்றும் வராவிட்டால் மூன்று நாள். மூன்று நாள் செய்தியே போகவில்லை என்று ஆதாரத்தோடு எழுதுவேன். என்னை அனுப்புவதற்கு முன்பே சேவை படுத்துவிட்டது என்பது தெரியட்டும். இதைத்தான் வராது என்று முதலிலேயே சொன்னேன்.

நல்லவேளை, இரண்டு நாளாக வேறு யாரும் அழைக்கவும் இல்லை, நிம்மதியாக இருக்கிறது. நேற்று வீட்டுக்குப் போனால் மனைவி, "மூணு தடவ அடிச்சேன், எடுக்கவே இல்ல" என்கிறாள். அடிக்கவே இல்லை. பொய் என்று சொல்ல மாட்டேன், கவனக்குறைவு. வேறு யாருக்கோ அடித்திருப்பாள்.

வல்லநாடு வந்துவிட்டதா? மணி என்ன, உங்கள் கடிகாரத்தில்? மூன்று ஐம்பத்தொன்பது. என் கைபேசியில் இரண்டு பத்து என்று காட்டுகிறது, அதை விடுங்கள். பாருங்கள் இப்போது. இதோ, என் கையில் திறந்து வைத்திருக்கிறேன், நீங்கள் சாட்சி.

நான்கு.

வந்ததா? இல்லை. நான் சொன்னேனா இல்லையா? ஒரு நிமிடம் கொடுப்போம், நியாயமாக நடந்துகொள்வோம். பேனாவைப் பிடியுங்கள், மூடியைக் கழற்ற வேண்டும்.

அது யாருடைய கைபேசி? முன் இருக்கை அம்மாளுடையதா? மருமகள் அழுகையை நிறுத்திவிட்டாளே, அதிசயம்தான். அம்மா, கொஞ்சம் மெதுவாக... இல்லை, இருங்கள். வைக்காதீர்கள். சத்தமாகவே வையுங்கள்.

"...நாளைக்குக் காத்து லேசு, அண்ணே, அலை ஒரு மீட்டருக்குள்ளதான். தாராளமா எறங்கலாம். தெக்க போறவங்க மட்டும் சாயங்காலத்துக்குள்ள திரும்பிருங்க. வீட்டுல இருக்க அக்காமாருக்கும் இனிமே இந்த போன் வரும், நீங்களும் சொல்லிவிடுங்க. ரெக்சலின் பேசுறேன்."

அவர்தான். மூச்சு விடாமல் பேசுகிறார், பாருங்கள், நிறுத்தமே இல்லை. அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார்.

அப்படியானால் செய்தி போகிறது.

எல்லாருக்கும் போகிறது. வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட.

எடுக்க மாட்டேன் என்றாரே. நான் கேட்டேன், அவர் சொன்னார், இன்று மதியம்தான். ஆனால் முந்தாநாளிலிருந்தே வரவில்லை. அதற்குள் எடுத்துவிட்டிருந்தால்? ஹெர்மஸ் எடுக்கச் சொல்லியிருந்தால்? படகில்லாதவனுக்கு எதற்குச் செய்தி என்று டிக்சன் கேட்டிருந்தால்? கேட்டால் என்ன பதில் இருக்கிறது? பதினோரு ஆண்டு தம்பி. ஞாயிற்றுக்கிழமைகூட நான்கு மணிக்கு அடிக்கும். கல்யாண வீட்டில் அடித்திருக்கிறது. என் தந்தை இறந்த அன்றுகூட அடித்தது, நாளை கடல் அமைதியாக இருக்கும் என்று.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, கோபப்படவில்லை. சொல்லுங்கள், கேட்கிறேன். கைபேசியா? உறைந்து நிற்கும் என்கிறீர்களா? மணியே நகரவில்லையா? ஆமாம், இரண்டு பத்து. அப்போதிருந்தே இரண்டு பத்து.

மூன்று ஆண்டு.

நான் நம்பிச் செய்வதாக நினைக்காதீர்கள். ஒரு வாய்ப்பை விலக்குவதற்காக மட்டும். விலக்கிவிட்டால் பிறகு அவர்களைக் கேட்கலாம், ஏன் எடுத்தீர்கள் என்று நேராகவே கேட்கலாம். ஆனால் எடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண் மூடுவார், திறப்பார், பொய் சொல்ல மாட்டார். முதல் எண் அது.

நோட்டைக் கொஞ்சம் பிடியுங்கள். பேனாவையும்.

தம்பி, இதை அணைப்பது எந்தப் பொத்தான்?